கொல்லிமலைக்குக் கடல் வந்த விவரம்

1945 நவம்பர் இருபத்தெட்டாம் தேதி விடியுமுன், கராச்சிக்கு மேற்கே மக்ரான் கரையோரம் கடலடியில் பூமி நழுவியது. பாஸ்னி என்ற துறைமுக ஊர் இடிந்தது. எழுந்த அலை கரையோர ஊர்களை வாரிக்கொண்டு பம்பாய் வரை வந்து ஆளை இழுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு இரண்டு வாரம் கழித்து, ஆயிரத்து முந்நூறு மைலுக்கு அப்பால், கொல்லிமலைச் செம்மேட்டில் எங்கள் ரெவின்யூ அலுவலகத்துத் தபால் பையிலிருந்து வெளியே வந்தது.

நான் அங்கே தற்காலிகக் குமாஸ்தா. எங்கள் வம்சத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள். அந்தப் பயத்தில் எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பேன். இதையும் படித்தேன். ‘கடற்கரைப் பூகம்பச் சேத நமூனா. சகல அலுவலகங்களும் பூர்த்தி செய்க.’ அலையின் உயரம், மூழ்கிய படகுகள், விழுந்த வீடுகள் என்று அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள். மூன்றிலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது: ‘இல்லை என்பது ஏற்கத்தக்கதல்ல. இல்லாமைக்குக் காரணம் கூறுக.’

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் காளியண்ணன் என்னைக் கூப்பிட்டார். “ஏனப்பா பி.ஏ., இந்தப் பூகம்பம் எதனால வருது?”

“கடலுக்கு அடியில ஒரு பாறை அடுக்கு இன்னொண்ணு மேல ஏறப் பார்க்குதுங்க. ரெண்டும் சிக்கிக்கிட்டு, வருசக்கணக்கா நெருக்குதுங்க. தாங்க முடியாத அன்னிக்கு ஒரே நொடியில நழுவுது. கடல் தரையே தூக்கிக்கிறதால தண்ணி அலையா கிளம்புதுங்க.”

“அந்த ரெண்டு பாறையும் யாரு சரகத்துல வருது?”

“நம்ம சரகம் இல்லீங்க.”

“இல்லீன்னு எழுதாதேன்னுதானே சொல்லியிருக்கான்!”

அப்போதுதான், மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான எடப்புளி நாட்டிலிருந்து பொன்னாயி வந்து நின்றாள். ஐப்பசி மழையில் அவள் வீடு சுவரோடு சாய்ந்திருந்தது. காட்டில் மூங்கில் வெட்ட அனுமதி கேட்டு இது ஆறாவது நடை.

“தை பொறந்தா மவ பிரசவத்துக்கு வந்துருவாங்க சாமி. மாட்டுக் கொட்டாய்லயா புள்ள பெத்துக்குவா?”

காளியண்ணன் முகம் மலர்ந்தது. மழையில் விழுந்த வீட்டுக்கு அனுமதி இரண்டு வருஷம் ஆகும். பூகம்பத்தில் விழுந்த வீட்டுக்கு அதே வாரம் என்று நமூனாவோடு வந்த சர்க்குலரின் கடைசிப் பத்தி சொன்னது.

“பூகம்பத்துலதானே விழுந்துச்சு?”

“மழையிலதானுங்க.”

“பூகம்பம் கார்த்திகையிலங்க, வீடு அதுக்கு முன்னாடியே...” என்றேன் நான்.

“முன்ஜாக்கிரதையா விழுந்திருக்கு. எழுது.”

“இது அலைச் சேத நமூனாங்க. அலை இவ்வளவு உயரம் ஏறியிருந்தாத்தான் வீடு கணக்குல வரும்.”

“மலை எத்தனை அடி?”

“நாலாயிரம்ங்க.”

“அலை நாலாயிரத்து ரெண்டு.”

“அப்ப சேலம் டவுன் முழுகியிருக்குமேங்க!”

“அதைச் சேலத்துக்காரன் எழுதட்டும். நாம எதுக்கு அடுத்த சரகத்துல தலையிடறது?”

நான் பொன்னாயியைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது எழுத்திலேயே தெரிந்தது. அந்தக் கோணலையும் பூமி அதிர்ச்சிக்குத் தக்க சாட்சியமாக மேலே சேர்த்துக்கொண்டார்கள்.

பத்தே நாளில் ஸ்பெஷல் ஆபீசர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து டோலியில் மலை ஏறினார். நாலு பேர் அவரைச் சுமந்தார்கள். ஐந்தாவது ஆள் ஒரு ரப்பர் மிதவையைச் சுமந்தான். விழுந்த வீட்டைக் கண்ணால் பார்த்த பிறகே அனுமதி என்பது உத்தரவு.

எடப்புளி நாட்டுக்குப் போனோம். அங்கே விழுந்த வீடு இல்லை. புதுச் சுவர், புது மூங்கில், பச்சை மணம் போகாத புல் கூரையோடு ஒரு வீடு நின்றது.

“யாரு கட்டினது?” என்றேன்.

“நாடே வந்து கட்டுச்சுங்க சாமி,” என்றாள் பொன்னாயி பெருமையாக. “பெரியவுங்க வாராங்கன்னு தண்டோரா போட்டீங்களே. விருந்தாளி வாரப்ப ஊரில ஒரு ஊடு கூரையில்லாம நின்னா நாட்டுக்கே மானக்கேடுங்க. ரெண்டே நாளுங்க!”

காளியண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். வீடு நிற்கிறது, ஆகவே அறிக்கை பொய். மூங்கில் புதுசு, ஆகவே காட்டுக் குற்றம். எனக்கு வேலை போகும், பொன்னாயிக்கு வீடும் போகும்.

ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “அனுமதி இல்லாமல் இந்த மூங்கில் எங்கிருந்து வந்தது?”

பொன்னாயி என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த நமூனாவைப் பார்த்தாள், பிறகு ஆளில்லாமல் கிடந்த மிதவையைப் பார்த்தாள்.

“அலை கொண்டாந்து போட்டுச்சுங்க.”

ஆபீசர் நமூனாவைப் புரட்டினார். அலை நாலாயிரத்து இரண்டு அடி. அதை ஒப்புக்கொண்டு மேலே அனுப்பியது அவருடைய கையெழுத்தே. அலையை மறுத்தால் தம்மையே மறுக்கவேண்டும்.

“கரை ஒதுங்கிய பொருள்,” என்றார் கடைசியில். “காட்டு இலாகாவுக்குச் சம்பந்தமில்லை.”

தையில் பொன்னாயிக்குப் பேத்தி பிறந்தாள், கூரைக்கு அடியில். என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். மலையே சந்தோஷமாக இருந்தது, மாசி முதல் தேதி வரை.

அன்று உத்தரவு வந்தது: ‘கொல்லிமலை கடற்கரைப் பகுதி என மேற்படி அறிக்கையால் ருசுவாகிவிட்டபடியால், யுத்தகால ஏற்பாடாக மலைக்கு அனுப்பப்படும் உப்பு மூட்டைகள் இதனால் நிறுத்தப்படுகின்றன. கடற்கரைக்கு உப்பு அனுப்புவது வீண் செலவு.’

இங்கே கடலே இல்லை என்று எட்டுப் பக்கம் எழுதினேன். ஒரே வரியில் பதில்: ‘இல்லை என்பது ஏற்கத்தக்கதல்ல.’ கூடவே என் கோணல் கையெழுத்தின் நகல்.

பேத்திக்குப் பெயர் வைத்த அன்று பொன்னாயி வீட்டில் எனக்கும் காளியண்ணனுக்கும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நாடே வந்து உட்கார்ந்திருந்தது. முதல் கவளத்திலேயே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அத்தனை மூங்கிலைக் கொண்டாந்துச்சேங்க சாமி,” என்றாள் பொன்னாயி, இன்னொரு கரண்டி ஊற்றியபடி. “அந்த அலை ஒரு படி உப்பையும் உட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுங்களா?”