பவுடர் பாயும் என் கறுப்பு கிட்டாரும்

பவுடர் பாயிடம் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது ஒரு வயது கூடியிருக்கும். நான் அளந்து விடுவதாக நினைப்பவர்கள், எண்பதுகளில் தருமபுரியில் பெண் பார்க்கும் படத்துக்காக அவர் முன்னால் உட்கார்ந்த யாரையும் கேட்டுப் பார்க்கலாம். "மோவாய எறக்கு கண்ணு. எறக்குன்னா அவ்வளவு எறக்காத" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவர் ஸ்டுடியோ. பாய்க்கு உலகத்தில் ஒரே எதிரி பளபளப்பு. மூக்கு மின்னினால் பவுடர், நெற்றி மின்னினால் பவுடர். நல்லம்பள்ளியில் ஒருவர் மாட்டு லோனுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது எருமை மூக்குக்கும் பூசிவிட்டார். பேங்க்காரர் எருமையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது வேறு எருமை என்று சொல்லிவிட்டார். "நல்லா இருக்கறத ஒத்துக்க மனசு வரமாட்டேங்குது" என்று பாய் ரொம்ப நாள் புலம்பினார்.

அப்படிப்பட்டவரிடம் எங்கள் மெல்லிசைக் குழு போய் மாட்டிக்கொண்டது. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு மேடை எங்களுக்குக் கிடைப்பதுபோல் இருந்தது. "நாளைக்கு ராத்திரிக்குள்ள நோட்டீசுக்குப் போட்டோ வந்தரணும். இல்லீன்னா சேலத்துப் பார்ட்டிக்குத்தான்" என்று கமிட்டிக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை காதுகுத்தும் மாதா கோயில் திருவிழாவும்தான் எங்கள் உலகம். இதுவும் போனால், பாட்டுக்காரன் சூசையை அவன் அப்பா பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேற்றிவிடுவார். சூசை போனால் குழுவே இல்லை.

ஐந்து பேரும் ஒரே நிறச் சட்டையில் மறுநாள் காலையிலேயே போய் நின்றோம். நடுவில் நாற்காலியில் என் கறுப்பு கிட்டார். பாய் கேமராவுக்குள் பார்த்தார். வெளியே வந்தார். மறுபடி பார்த்தார்.

"லைட்டு அது மேல பட்டு என் கண்ணுல குத்துது."

லைட்டை அணைத்தார். எப்படியும் லோ வோல்டேஜில் அது அழுதுகொண்டுதான் இருந்தது. இனி ஜன்னல் வெயில்தான் என்றார். வெயில் திரும்பிவர மத்தியானம் ஆகுமாம். அதுவரை கிட்டாருக்குப் பவுடர் போட்டார். பஞ்சில் தொட்டுத் தொட்டு, குளிப்பாட்டி எடுத்த குழந்தைக்குப் போடுவதுபோல.

வெயில் வந்தது. பீரோவிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை உருவி, "இத விரிச்சுப் புடிங்க. வெளிச்சம் இதுல பட்டு அதும் மேல விழட்டும்" என்றார். ஐந்து பேரும் கேமராவுக்குப் பக்கத்தில் வேட்டியைப் பிடித்து நின்றோம். தூக்கச் சொன்னார், சாய்க்கச் சொன்னார். இதை எழுதும்போதே எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது.

"நாங்க எப்பங்க பாய் போட்டோவுல வர்றது?" என்றான் சூசை.

"பேசாத. வேட்டி ஆடுது."

மாலையில் ஈரம் காயாத படத்தைக் கையில் கொடுத்தார். படத்தில் கிட்டார் மட்டும் இருந்தது.

"பாய், நாங்க எங்கங்க?"

"நீங்க எதுக்கு கண்ணு? நோட்டீசு நல்லா இருக்க வேண்டாமா?"

சண்டை போடவும் தெம்பில்லை. ஒகேனக்கலுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடினோம். கமிட்டிக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று சூசை என் பின்னால் ஒளிந்துகொண்டான். "இத்தன நோட்டீசுல மூஞ்சியாப் பாத்துச் சலிச்சுப் போச்சு. இத வாசிக்கறவங்களே வரட்டும்" என்றார் அவர். சூசை பெங்களூர் ரயில் ஏறவில்லை.

திருவிழா முடிந்து ஒரு நாள் ஸ்டுடியோ பக்கம் போனேன். வாசல் கண்ணாடிப் பெட்டியில் மணப்பெண்களுக்கு நடுவே என் கிட்டார், பெரிதாக. அப்போதுதான் பார்த்தேன். உடம்பெல்லாம் பவுடர் பூசியவர், கீழே ஓர் உள்ளங்கை அகலத்தை மட்டும் பளபளப்பாகவே விட்டிருந்தார். அந்த இடத்தில், கறுப்புக்குள்ளே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கிய முகத்தோடு நாங்கள் ஐந்து பேர்.

உள்ளே போய், "இங்க மட்டும் பவுடர் போட மறந்துட்டீங்களா பாய்?" என்றேன்.

"நான் மறப்பனா? நாளெல்லாம் நின்ன புள்ளைங்கள எப்படி வுட்டுட்டு எடுக்கறது?" என்றார், வேறு யாருடைய மூக்குக்கோ பஞ்சை ஒற்றிக்கொண்டே.

குழு கலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பாயும் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்திருக்கும் படம் என்னிடம், அன்று பாயிடம் கேட்டு வாங்கிய அது ஒன்றுதான். அதன்மேல் தூசி துடைக்கும்போதெல்லாம் தோள்பட்டை வலிக்கிறது. அந்த மனிதருக்காக இன்னொரு நாள் முழுக்க வேட்டி பிடித்து நிற்கலாம் போலவும் இருக்கிறது.