மூன்றாம் எண் இயந்திரத்தின் ஓவர்லோடு

நான்காவது முறையாக மோட்டார் நின்றபோது, முராகோஷி தொப்பியைக் கழற்றி, மடித்துப் பையில் வைத்தார். ஜப்பானின் ஹொக்கைடோத் தீவிலுள்ள அந்த உருளைக்கிழங்கு மாவு ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பொறுப்பை வகிக்கும் அவர், பணி நேரத்தில் தொப்பியைக் கழற்றியதை எவரும் கண்டதில்லை.

"மறுபடியும் ஓவர்லோடா?"

"அதேதான், முராகோஷி சான்," என்றாள் இயந்திரத்தை இயக்கும் மியோஷி. "அந்தச் சிவப்பு எழுத்து இனிமே என் கனவுலயும் வரும்."

கிழங்குப் பாலைச் சுழற்றி மாவைப் பிரிக்கும் இயந்திரம் அது. உள்ளே மாவு மிகுந்து கெட்டியானால் மோட்டார் திணறும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ், சுமை மிகுந்ததென்று 'ஓவர்லோடு' எனச் சிவப்பில் காட்டி அதை நிறுத்திவிடும். காலையில் பெல்ட் சற்றே முனகியதால், முன்னெச்சரிக்கையாக முராகோஷி பாலின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். தொல்லை அதன் பிறகே தொடங்கியது.

வெளியே அறுவடை லாரிகள் நெடுஞ்சாலைவரை நின்றன. ஐந்து மணிக்குள் இயந்திரம் ஓடாவிட்டால் கிழங்கு முழுவதும் பக்கத்து ஊர் ஆலைக்குப் போகும். முராகோஷியின் பொறுப்பும் உடன் போகும். ஆலைத் தலைவர் இதை மிகப் பணிவான சொற்களில் தெரிவித்திருந்தார்.

"பாலைப் பாதியாக் குறை."

குறைத்தாள். நாற்பது நிமிடம் ஓடி, நின்றது.

உட்புறத்தைக் கழுவினார்; பேரிங்கை மாற்றினார்; பாலைக் கால் பங்காக்கினார். இருபது நிமிடத்தில் நின்றது.

"குறைக்கக் குறைக்கச் சீக்கிரமா நிக்குது. பாலே விடலன்னா, சுவிட்சைப் பார்த்ததுமே நின்னுடும் போல."

"சிரிக்கிற நேரமா இது?"

"சிரிக்கல. அழுதா கண்ணாடி மங்கிடும், அதான்." சற்றுத் தயங்கினாள். "கீழ ஹனவா சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?"

கீழ்த்தளத்தில், அரைத்த கிழங்கில் நீர் கலந்து மேலே அனுப்புபவர் ஹனவா. முப்பது ஆண்டுகளாக ஒரு பிழையும் செய்யாதவர்.

"அந்த மனுஷன்கிட்ட போய் என்னன்னு கேக்கறது? அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா?"

இறுதியில், தம் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார்: டிரைவின் ஓவர்லோடு வரம்பை உயர்த்தினார். மோட்டார் நிற்கவில்லை. பதினோராம் நிமிடத்தில் பெல்ட் புகைந்து அறுந்தது.

பொறுப்பிலிருந்து விலகுவதாக முராகோஷி மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஓர் எழுத்து கோணியதால், வேறு தாளில் முதலிலிருந்து எழுதினார். ஆலைத் தலைவர் அதை இரு கைகளாலும் பெற்று, ஆழக் குனிந்து, பொறுப்பு விலகலை ஏற்றுக்கொண்டார். லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

வாயிலில் ஹனவா காத்திருந்தார்.

"மனசு தளராதீங்க, முராகோஷி சான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "நீங்க பாலைக் குறைச்சப்பல்லாம், இன்னைக்கு மாவு குறைஞ்சு உங்களுக்குத் தலைகுனிவு வந்துடக் கூடாதேன்னு, நான் கீழ தண்ணியைக் குறைச்சு, கொஞ்சம் கூடுதல் கெட்டியாவே அனுப்பினேன். நாளைக்கு வர்ற புதுப் பொறுப்பாளருக்கும் இதே மாதிரி சத்தமில்லாம செஞ்சு குடுத்துடறேன்."