மாமனார் கடையில் மஞ்சப் பூத்த ஏலக்காய்

எனக்கு இருந்தது ஒரே ஒரு சோலி. நேத்து போடியில என் மாமனாரோட புது ஏலக்காய்க் கடை திறப்பு. நான் எடுத்த ஏலக்காய்ப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு, கல்லாவுக்குப் பின்னாடி மாட்டணும். அவ்வளவுதான்.

நான் யாரு? 'சாஃப்ட் ப்ரூஃப்' பத்தி ஊருக்கெல்லாம் யூடியூப் வீடியோவுல பாடம் எடுத்த போட்டோ மேதை! பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடியே, பேப்பர்ல கலர் எப்படி வரும்னு ஸ்கிரீன்ல காட்டுற வசதி அது.

எனக்கும் காட்டுச்சு. பச்சை செத்துப்போய், மஞ்சளடிச்சுத் தெரிஞ்சது.

"என்னங்க, காய் வெளுத்துக் கெடக்கு?"ன்னா என் பொண்டாட்டி.

"அது சும்மா ப்ரூஃபும்மா, கண்ணை உறுத்துது"ன்னு அதை அணைச்சேன். பச்சை திரும்ப வந்துருச்சு! அதுல நானே சொக்கிப்போய் மதுரை பிரிண்ட் லேபுக்கு அனுப்பிட்டேன்.

திறப்பு அன்னைக்குப் பார்சல் நேரா கடைக்கே வந்துச்சு. மலைத் தோட்டக்காரங்க, வெளியூர் வியாபாரிங்கன்னு ஒரே கூட்டம். மாமனார் மீசையைத் தடவிக்கிட்டே, "மாப்ள எடுத்த படம்!"னு எல்லார் முன்னாடியும் பிரிச்சார்.

எங்க ஊர்ல ஏலக்காய்க்குப் பச்சைதான் மரியாதை. பச்சை கொறைஞ்சா வெலையும் கொறைஞ்சுரும். படத்துல இருந்ததோ காமாலை கண்ட காய்.

ஒரு வியாபாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாத்தார். "என்னண்ணே, திறப்பு அன்னைக்கே பழைய சரக்கா?"

மாமனாருக்கு முகம் சுண்டிப்போச்சு. மூட்டையிலருந்து ஒரு கை அள்ளி நீட்டினார். "இதைப் பாருப்பா! நேத்து எறங்குன காய்!"

நான் சும்மா இருந்திருக்கலாம். குறுக்க பாஞ்சு, "அண்ணே, தப்பு பேப்பர் மேல. ஒரிஜினல் கலரைப் பாருங்க"ன்னு போனை நீட்டினேன்.

போன்ல அப்படியொரு பச்சை!

அவர் போனையும் பாத்தார், மாமனார் கையிலருந்த காயையும் பாத்தார். "பழைய காய்க்குப் பச்சைச் சாயம் ஏத்துறீங்களோ?"

பழைய சரக்குன்னா வெலை கொறைச்சாவது வித்துரலாம். சாயம்னு பேரு வந்தா ஒரு பய வாங்க வர மாட்டான். எனக்கு வெக்கத்துல தலை நிமிரல.

மாமனார் காயைத் தண்ணியில நனைச்சு, கட்டியிருந்த புது வேட்டியிலயே தேய் தேய்னு தேய்ச்சுக் காட்டினார். சாயம் ஒட்டல. வியாபாரி தலையாட்டின பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஈர வேட்டியோட மாமனார் படத்தைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சார். சபையில மாப்ளையைத் திட்ட முடியாதே! மரியாதையாத்தான் சொன்னார்.

"மாப்ளே, அடுத்த தடவை கறுப்பு வெள்ளையில எடுத்துக் கொண்டாங்க. மெளகுக் கடைன்னாவது சொல்லிக்கிறேன்."