ஒட்டுப் பிரியாத ஒஸ்ரின்

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் என் ஒஸ்ரின் காரை ஓட வைப்பேன், இல்லாவிட்டால் என் பெயர் சோமசேகரம் இல்லை. திங்கட்கிழமை காலை என் மனைவிக்கு முன்னால் இப்படிச் சபதம் எடுத்தேன்.

"ஓடத் தேவையில்லை," என்றாள் புஸ்பராணி. "வளவை விட்டுப் போனாக் காணும். அந்தத் துருப்பிடிச்ச கறளுக்கும் மதிலுக்கும் இடையால தண்ணிக்குடத்தோட பக்கவாட்டில நடந்து நான் நண்டாப் போனன். வெள்ளிக்கிழமை ஓடாட்டி அபூதாஹிர் நானாட்டக் குடுத்திடுவன்."

அபூதாஹிர் நானா பக்கத்து வளவு. துறைமுகத்தில் வெல்டிங் வேலை. எனக்கு வெல்டிங் பழக்கியவரும் அவர்தான், என் காரில் கண் வைத்தவரும் அவர்தான்.

"தம்பி, கறுப்புக் கண்ணாடி இல்லாம நெருப்பப் பாக்கப்படாது." இது நானாவின் முதற் பாடம். முதற் பாடம் என்பதால் மறந்துவிட்டேன்.

புதன் பின்னேரம் காரின் அடித்தகட்டில் ஒரு முழ நீளத்துக்கு வெல்டிங் ஒட்டுப் போட்டேன். என் வாழ்நாளின் முதல் உருப்படியான ஒட்டு. அதன் அழகை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே போட்டேன். வியாழன் விடிய, இரண்டு கண்ணுக்குள்ளும் யாரோ உப்புவெளிக் கடற்கரை மணலைக் கொட்டியிருந்தார்கள். புஸ்பராணி வெள்ளரிப்பிஞ்சைச் சீவி வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"ரெண்டு நாளைக்கு அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தா பார்வை போயிடும்."

வெள்ளி காலை வாசலில் ஓர் உழவு மெசின் வந்து நின்றது. நானாவின் இருமல் கேட்டது. கயிறு கட்டும் சத்தமும் கேட்டது.

கட்டை அவிழ்த்தால் கண் போகும். அவிழ்க்காவிட்டால் கார் போகும். சுவரைத் தடவி, வாளியில் இடறி, ஒரு கோழியையும் மிதித்துக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"இழுக்கிறதெண்டா என்னையும் சேத்து இழுங்கோ."

"இறங்குங்கோப்பா. எதிர்க்கடையில பாண் வாங்கக் கியூவில நிக்கிற சனமெல்லாம் பாக்குது."

"பாக்கட்டும்."

"தம்பி, கொஞ்சம் இறங்கினா..."

"ஏலாது நானா."

மெசின் உறுமியது. கார் அசையவில்லை. கைப்பிரேக் கறளில் இறுகியிருந்தது. எந்த இடத்தில் முழங்காலால் இடித்தால் அது விடும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடி இழுத்தார்கள். காருக்கு அடியில் இரும்பு முனகியது.

"நிப்பாட்டாதேங்கோ நானா," என்றாள் புஸ்பராணி, கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற குரலில். "அடித்தகடு கிழிஞ்சாலும் பறவாயில்லை. புதன்கிழமை இவர் போட்ட ஒட்டுத்தானே, என்னெண்டு தாங்கும்?"

"ஓம் தங்கச்சி, வாயைப் பிளக்குது. ஒரு விரல் உள்ள போகும்."

"என்ட ஒட்டா?" என்றேன்.

"ரெண்டு விரல், தம்பி."

"இன்னும் ஒருக்கா இழுங்கோ நானா," என்றாள் அவள்.

ஒட்டைப் பெற்றவன் பார்த்துக்கொண்டிருப்பானா? அதுவும் பார்க்க முடியாதபோது? முழங்காலால் இடித்தேன். பிரேக் விட்டது. கார் வெண்ணெயில் வழுக்கினது போல் தெருவுக்கு வந்தது. பாண் கியூ கை தட்டியது.

"ஒட்டு... ஒட்டு எப்பிடி நானா?"

"கல்லு மாதிரிக் கிடக்குத் தம்பி. வாயைப் பிளக்குதெண்டு தங்கச்சிதான் சொல்லச் சொன்ன."

எனக்குப் பின்னால் கேற் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"பத்து மணிக்குக் கண்ணுக்கு மருந்து," என்றாள் புஸ்பராணி உள்ளேயிருந்து. "தனிய வந்தால் திறப்பன்."