ஈரலுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி

ஒரு விஷயத்தைப் பற்றி எழுதிவிட்டால் அது தெரிந்துவிட்டதாகப் பத்திரிகைக்காரன் நினைத்துக்கொள்கிறான். எனக்கும் அந்த நோய் உண்டு. மருத்துவப் பயிற்சி பற்றிக் கட்டுரைகள் எழுதியவன் என்பதால், ஆட்டு விலா வாங்கி வரும் வேலையை என் மனைவி வசந்தா கொடுத்தபோது அவள் சொன்னதைப் பாதிதான் காதில் வாங்கினேன்.

வசந்தா திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அடிபட்டவரின் நெஞ்சுக்குள் ரத்தமோ காற்றோ தேங்கி நுரையீரலை அமுக்கினால், விலா எலும்புகளுக்கு நடுவே துளைத்து ஒரு குழாய் செருகுவார்கள். சரியான இடத்தில் போட்டால் உயிர் திரும்பும். தவறினால் குழாயே ஆளைக் கொன்றுவிடலாம். புதிய டாக்டர்கள் ஆட்டு விலாவில் செய்துகாட்டிய பிறகுதான் அவர்களை மனிதர் பக்கம் விடுவாள்.

"முழுப் பலகையா வேணும்ங்க. துண்டு போடக் கூடாது" என்று சொல்லியிருந்தாள்.

நாங்கள் குடியிருக்கும் புத்தூரில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம். "கூரகா சார்?" என்றார் கடைக்காரர் (குழம்புக்கா என்று தெலுங்கில் கேட்கிறார்). நான் போனில் காளஹஸ்தி நிருபரிடம், அவர் அனுப்பிய செய்தியில் விவரம் போதாது என்று கடிந்துகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

பயிற்சி அறையில் வசந்தா பையைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"விலா."

"விலாதான். தாளிச்சா துன்னலாம். இதுல எங்க குழாய் போடறது?"

பயிற்சி டாக்டர்கள் சுவரைப் பார்த்தார்கள். பார்கவி மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. நகரிப் பக்கத்துப் பெண். மறுநாளிலிருந்து அவளுக்கு விபத்துப் பிரிவில் வேலை.

"நாளைக்கு யாருனா அடிபட்டு வந்தா நான் பாத்துகினு நிக்கணுமா மேடம்?"

"செஞ்சு காட்டாம யாரையும் தொட விடமாட்டேன்" என்றாள் வசந்தா. பிறகு ஊழியர் ஒருவரை ஊருக்குள் கறிக்கடை தேடி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எடத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை. அதுக்கு ஆடு வேணாம். சட்டையைக் கழட்டுங்க."

(மாணவர்கள் முன்னால் அவள் எனக்கு மரியாதை குறைத்ததே இல்லை.)

மேசையில் படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் மடித்துக்கொண்டேன். பார்கவி குனிந்தாள்.

"மூச்சு விடுங்க சார்."

"விட்டுகினுதாம்மா இருக்கேன்."

"இல்ல சார், வயித்தை உள்ள இழுத்துப் புடிச்சினு இருக்கீங்க."

விட்டேன். என் தொப்பை அறைக்கே தெரிந்துவிட்டது.

அவள் தடவிப் பார்த்து மார்க்கர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். வசந்தாவின் வகுப்பில் ஒரு விதி உண்டு. கத்தியைத் தொடுமுன், குறிக்கு அடியில் இருப்பது என்ன என்று உரக்கச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அறையில் யார் வேண்டுமானாலும் 'நில்லு' சொல்லலாம்.

"அடியில இன்னா இருக்குது?"

"நுரையீரல் மேடம்."

"எல்லாரும் ஒத்துக்கிறீங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கட்டுரை எழுதியவன் அல்லவா.

"ஈரல்" என்றாள் வசந்தா.

யாரும் சிரிக்கவில்லை. மார்க்கரின் ஈரம் என் தோலில் குளிர்ந்தது. அந்த அறையில் கத்தி பிடிக்கப் படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட 'நில்லு' சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பார்கவியின் முகம் சுருங்கிவிட்டது. "மார்புக்காம்பு மட்டத்தை வெச்சுத்தானே மேடம் போட்டேன்?"

வசந்தா என் நெஞ்சைப் பிறழ்சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கல்யாணத்தப்போ அது சரியான எடத்துலதான் இருந்துச்சு. இப்ப எறங்கிப்போச்சு. தொங்கறதை நம்பாதே. எலும்பு தொங்காது. மேலேர்ந்து எண்ணு."

இந்த முறை சிரித்தார்கள். பார்கவியும்தான். அவள் நடுநெஞ்சு எலும்பின் மேட்டைத் தொட்டு, அங்கே சேரும் விலாவிலிருந்து கொழுப்பை அழுத்தி அழுத்தி எண்ணி இறங்கினாள். புதிய குறி பழையதற்கு வெகுவாக மேலே விழுந்தது.

"நுரையீரல்" என்றவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, "யாருனா ஒருத்தர் திருப்பி எண்ணிப் பாருங்கப்பா" என்றாள். வசந்தா மார்க்கரை வாங்கி மூடி வைத்தாள். அவளுடைய பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

ஊழியர் முழு விலாவோடு வந்து சேர்ந்தார். பார்கவி செய்து காட்டினாள். துண்டு விலா எங்கள் வீட்டில் அன்று மாலை குழம்பானது.

சில நாள் கழித்துச் சித்தூர் சாலை விபத்தில் ஒரு லாரி ஓட்டுநரைக் கொண்டுவந்தார்கள். என்னைவிடக் கனத்த உடம்பு. அருகில் மூத்த டாக்டர் நிற்க, பார்கவி குறி போட்டாள், கத்தியை எடுத்தாள், பிறகு கீழே வைத்தாள். மேலிருந்து மறுபடி எண்ணினாள்; நர்ஸையும் எண்ணச் சொன்னாள். குறி ஒரு விலா இறங்கியிருந்தது. மாற்றிப் போட்டுக் குழாயைச் செருகினாள். அந்த மனிதர் பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனார்.

"கத்தியைக் கீழ வெச்சாளே, அதுக்குத்தாங்க இத்தனை வகுப்பும்" என்றாள் வசந்தா, சாப்பாட்டு நேரத்தில். பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டுக்கொண்டிருந்தாள் எங்கள் மகள். அதுதான் வினை.

மார்க்கர் மை சோப்புக்கு மெதுவாகத்தான் மசிந்தது. கதை மசியவே இல்லை. சந்திரகிரிக்கு இதுதான் குறுக்குவழி என்றோ, இந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்றோ நான் அடித்துப் பேசினால் மகள் சாப்பாட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கேட்கிறாள்:

"நைனா, எங்கேர்ந்து எண்ணினே?"

என் கை தானாக வலப்பக்க விலாவுக்குப் போய்விடுகிறது.