புரட்டாசி பீட்ரூட்

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் அழகாகிவிடுவோம் என்று நம்புகிறவர்களுக்குக் கண் மட்டுமல்ல, புத்தியும் கொஞ்சம் மங்கல்தான். (அனுபவத்தில் சொல்கிறேன்.)

தினேஷ் வீட்டில் எல்லா முடிவும் அவருடைய அக்காவுடையது. அக்கா கிள்ளானிலிருந்து தனியாக வந்து என்னைப் பார்ப்பார்; அவர் சரி என்றால்தான் கல்யாணப் பேச்சு. எனக்கோ தினேஷை விட்டால் வேறு ஆள் வேண்டாம். அன்று அழகாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அது புரட்டாசி மாதம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புதிதாக வந்திருந்த போக்கே என்ற கிண்ணச்சோற்றுக் கடையை அக்காவே தேர்ந்தெடுத்தார். "சோறு, காய், சாஸ் எல்லாம் நாமளே கேட்டுப் போட்டுக்கலாமாம் லா. விரதத்துக்கு வசதி," என்றார்.

அக்கா தோஃபு போட்டு வாங்கிக்கொண்டு மேசை பிடிக்கப் போய்விட்டார். என் முன்னால் வரிசையாகத் தட்டுகள், கலங்கலாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. பெயர்ப் பலகைகளில் எழுத்துக்குப் பதில் எறும்பு ஊர்ந்தது. சிவப்பாகச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்ததைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. பீட்ரூட்! நமக்குத் தெரிந்த முகம்.

"பாஸ், திஸ் வன் லெபே சிக்கிட்," என்று தாராளமாகப் போடச் சொன்னேன்.

உட்கார்ந்ததும் அக்கா கேட்டார். "உங்க வீட்ல புரட்டாசியெல்லாம் ஒழுங்கா இருப்பீங்களாம்மா?"

"மாசம் முழுக்க சைவம்தான்க்கா! முட்டைகூட வீட்டுக்குள்ள வராது," என்றபடி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டேன்.

பீட்ரூட் இப்படி வழுக்காது. பீட்ரூட்டில் கடல் வாசம் வராது. ஐயோ, பச்சை மீன்! போக்கே கடையில் அதுவும் உண்டாம். துப்பினால் கல்யாணம் போச்சு, விழுங்கினால் விரதம் போச்சு. விழுங்கிவிட்டேன். (பெருமாளே, அந்த வாரம் நான் போட்ட தோப்புக்கரணம் உனக்கே தெரியும்.)

"என்னம்மா, இப்படி வேர்க்குது?"

"காரம்க்கா."

"அது என்ன செவப்பா?"

"பீ... பீட்ரூட்க்கா."

"எனக்கு ரொம்பப் புடிக்குமே!"

முள்கரண்டி நீண்டது. கிண்ணத்தை இழுத்தேன். அவர் விடவில்லை. ஒரு துண்டு அவர் வாய்க்குள் போய்விட்டது. மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார், மிக மெதுவாக.

"அக்கா, மன்னிச்சிருங்க. அது மீனுக்கா. கண்ணாடி போடல, சத்தியமா தெரியாது..." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. ரெண்டு வாரமா கீரையும் பருப்பும். நாக்கு செத்துப் போச்சும்மா. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு. தினேஷ்கிட்ட மூச்சு விட்டே, கல்யாணம் கென்சல் லா!"

தை மாதமே கல்யாணம் முடிந்தது. இன்றும் புரட்டாசி பிறந்தால் அக்கா போன் செய்வார். "என்ன, பீட்ரூட் சாப்பிடப் போவமா?" இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். (இதை எழுத எனக்குப் பயமில்லை. தினேஷ் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் வாசிக்க வராது.)

போன வருடம் அவர், பாவம், அக்காவும் மனைவியும் இவ்வளவு ஆசைப்படுகிறார்களே என்று பாசாரிலிருந்து ஒரு கூடை பீட்ரூட் வாங்கிவந்து, வேர்க்க விறுவிறுக்கத் தன் கையாலேயே பொரியல் செய்து வைத்தார். நாங்கள் இருவரும் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அதைத் தின்று தீர்த்தோம்.