லயம் ஆட்டங்காணுது

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பூனை குட்டி போட்டது, தண்ணீர்க் குழாய் உடைந்தது, பக்கத்து வீட்டு அண்ணன் கடைசியாகக் குளித்தது (சந்தேகத்துக்குரிய பதிவு) எல்லாம் என் டயரியில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துச் சங்கீதச் செயன்முறைப் பரீட்சைக்கு நான் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இரண்டே சொற்கள்: ‘போனேன். வந்தேன்.’ நடுவில் நடந்ததை இப்போதுதான் எழுதத் துணிகிறேன்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது; மூன்று பேர் முன்னால் பாடிக் காட்டவும் வேண்டும். எடுக்கப்போவதோ கொஞ்சப் பேரைத்தான். தேறாவிட்டால் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்க வேண்டியதுதான். மாமா பேசி முடித்திருந்தார். அதனால் நாற்பத்தொரு நாள், தினமும் காலை ஐந்து முதல் ஏழு வரை, வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சாதகம் செய்தேன். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. ஆகவே பத்து வீடும் சாதகம் செய்தது. (“பாப்பா, அந்த மேல போற எடத்த மட்டும் ஏழு மணிக்கு அப்புறம் வச்சுக்கயேன்” என்றார் அதே அண்ணன்.)

பரீட்சை அறையில் நடுவில் இருந்த அம்மையார் யாழ்ப்பாணத்தவர். நான் வர்ணத்தைப் பாடி முடித்ததும் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே விலாசம்: ஆறாம் இலக்க லயம்.

“பிள்ளை, சுருதி நல்லா நிக்குது. லயம்தான் ஆட்டங்காணுது.”

இவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கு இதுகூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது.

“ஆமாங்க மிஸ். வெள்ளக்காரன் காலத்துல கட்டுனதுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எவ்வளவு காலமா இப்பிடி?”

“எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தேங்க.”

“வீட்டில ஒருத்தரும் திருத்தேல்லையோ?”

“நாங்களா கை வைக்கக் கூடாதுங்க மிஸ். தோட்டத்து தொரைகிட்ட எழுதிக் கேக்கணும். மனு குடுத்திருக்கோம்.”

இடப்பக்கம் இருந்த வயலின் ஆசிரியை குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. பேட்டி இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று யார் கண்டது?

“மழை பெஞ்சா மூணாவது வீட்டுப் பக்கம் எறங்கிடுதுங்க. போன மழைக்கு எங்கள எல்லாம் ஸ்கூல்ல கொண்டுபோய் வச்சாங்க.”

வலப்பக்கம் இருந்த மிருதங்கக்காரர் மெதுவாக முன்னால் சாய்ந்தார். அவர் பேச்சில் எங்கள் மலைப்பக்கத்து ஹட்டன் வாடை அடித்தது.

“ஏம்மா, நீ எந்த லயத்தச் சொல்ற?”

“ஆறாம் நம்பர் லயம்ங்க சேர்.”

அவர் மிருதங்கத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. (காலப்பிரமாணம் தப்பாமல்.)

சங்கீதத்தில் லயம் என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதன் வரைவிலக்கணத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். தூக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

அம்மையார் சிரிக்கவில்லை. “சரி பிள்ளை, இனி மற்ற லயத்தைப் பாப்பம். தாளம் போட்டு முதலிலயிருந்து பாடும்.”

வெட்கத்தில் என் உடம்பு மரக்கட்டையாகியிருந்தது. அதுதான் காப்பாற்றியது, கை ஒரு நூல்கூட ஆடவில்லை. நாற்பத்தொரு நாளில் வராதது ஆறு நிமிடத்தில் வந்தது. தெரிவுப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

பரீட்சையன்று வீட்டுக்கு வந்து நடந்ததை அழாக் குறையாகச் சொன்னபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தம்மா நம்ம லயம் எறங்குறத எழுதிக்கிட்டாங்களா?”

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியை. லயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கூரையைப் பார்வையிட அதிகாரி யாராவது வந்தால், அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்:

“எங்க புள்ள யுனிவர்சிட்டி வரைக்கும் போயி இதச் சொல்லிட்டா சேர். பாடியே சொல்லிட்டா.”